வெருகும் மஞ்சள் கூழும்

ஏனுங்க, நேற்றைய மழையில் துவைக்கிற கல்லோரம் கிடந்த கட்டையில் அது மறுபடியும் வந்திருக்கிறது. மழைக்கு மரத்தில் பூஞ்சைபோலப் படர்ந்து மெல்ல நகருமே, அந்தக் கூழ்தான்; நாய் கக்கி வைத்ததுபோல மஞ்சளாய், கொழகொழவென்று. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உடனே பக்கத்தில் குந்தியிருப்பீர்கள்.

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் நீங்கள் மிஷின் பிட்டராக இருந்த காலம் அது. சலவைப் பட்டறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகு மழையில் ஊறி, மேலெல்லாம் இந்தக் கூழ் படர்ந்திருந்தது. அடியில் ஒரு வெருகு குட்டி போட்டிருந்தது. அந்தக் காட்டுப்பூனை அப்போதே நம் பக்கம் கண்ணில் படுவது அபூர்வம். வெருகுக் கறி தின்றால் மூச்சிளைப்பு தீருமென்று இளைப்புக்கார மேனேஜரிடம் யாரோ சொல்லிவிட, விறகைப் பிரிக்கச் சொன்னார். கூழ் கையில் ஒட்டுமென்று ஒருத்தரும் கை வைக்கவில்லை. வெளுத்த பனியனில் ஒரு புள்ளி கறை பட்டாலும் அங்கே தோலை உரித்துவிடுவார்களே!

நீங்களும் சும்மா இருக்காமல், "ஆமாங்க, அது ஒட்டுனா போகவே போகாதுங்க" என்று ஊதிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு.

"வெருகுக்குக் கண்ணு, காது, பல்லு, நகம் எல்லாமிருக்குது. இந்தக் கூழுக்கு வாய்கூட இல்ல. ரெண்டும் சத்தமில்லாம நகந்து இரை தேடுது. இன்னைக்குப் பாரு புள்ள, வாயில்லாதது பல்லிருக்கறதக் காப்பாத்துது."

"சோறு திங்கிற நேரத்துல அந்தக் கருமத்தப் பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அப்புறம் நல்ல வெயிலடித்தது. கூழ் காய்ந்து பொடியாய் உதிர்ந்தது. பயம் போனதும் விறகைப் பிரித்தார்கள். குட்டிகளை விட்டு ஓடாமல் சீறி நின்ற தாயைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். நீங்கள் குறுக்கே விழுந்தும் கேட்கவில்லை. குட்டிகளைத் துணிக்கழிவில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

சாயங்காலம் மேனேஜர் வீட்டிலிருந்து நமக்கும் ஒரு தூக்குப்போசி வந்தது. கொண்டுவந்த ஆள், "உங்களுக்கும் பங்கு வேணுமில்லீங்க" என்று இளித்தான். மூடியைத் திறந்தேன். தூ! மூலையில் குட்டிகள் பாலுக்குக் கத்திக்கொண்டிருக்க, அதுகளின் தாய் மிளகும் நல்லெண்ணெயுமாக மிதந்தது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். மேனேஜர் எலும்பையெல்லாம் சூப்பித் தின்றாராம். அவருக்கு இளைப்பும் தீரவில்லை. குட்டிகளும் பிழைக்கவில்லை. நீங்கள் எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தீர்கள்!

காலையில் நம் மருமகள் கட்டையைப் பார்த்துவிட்டு, "அய்யே, அருவருப்பா இருக்குதுங்க அத்தை. வெந்நி ஊத்தட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாங் கண்ணு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

அருவருப்பு என்று யாராவது சொன்னால், எனக்கு இன்றைக்கும் கையில் வருவது அந்தப் போசியின் மூடிதான்.