தூக்கிய கை

ஜூன் 9, 2025, திங்கள்

மாரிக்குப்பத்தில் நாங்கள் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயில் கிளம்பும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. நேற்று பங்காருப்பேட்டைக்காரர்களிடம் நாலு கோல் வாங்கினோம். ஃபுட்பால் லீக்கில் கடைசிக்கு முந்தின இடம். எங்கள் பாலகாட் பிரதர்ஸுக்குப் புது கோச் வேண்டுமா, வால்டர் அண்ணனே இருக்கட்டுமா என்பதுதான் பேச்சு. பேச்சா அது? எதிர் சீட்டு கன்னடக்கார அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

சின்னசாமி அண்ணன் வால்டர் கட்சி. "பதினாலு வருசமா மழை வெயில்னு பாக்காம நிக்கறாருய்யா. டிபன்ஸ்ல ரெண்டு பேர மாத்துனா செரியாப்பூடும். ஆளையே மாத்தணும்னு இன்னா அவசியம்?"

பவனுக்கு இருபத்திரண்டு வயசு, வாய் மட்டும் அறுபது. "விநாயக் சார் கோச் லைசென்ஸ் வச்சிருக்காரு குரு. பெங்களூர்ல கோச்சிங் பண்றாரு. டீமையே புதுசா கட்டணும். முப்பது தாண்டுனவங்க எல்லாம் ரெஸ்ட்டு."

நான் விநாயக் கட்சி. ஏன்? இந்த நோட்டில் பொய் எழுதி என்ன பயன்? என் தம்பி ரூபேஷ் எட்டு வருடமாக எங்கள் கோல்கீப்பர். வால்டர் அண்ணன் அவனை மூன்று மேட்சாக வெளியே உட்கார வைத்திருக்கிறார். ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் கிராஸ் பந்துக்கு முன்னால் வரப் பயப்படுகிறானாம். எனக்கு வயிறு எரிகிறது. லைசென்ஸாவது மண்ணாவது, காரணம் அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

இன்று வாய் தவறிவிட்டது.

இல்லை, தவறவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். சின்னசாமி அண்ணன் பாதிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். "ஆட்டக்காரன பாத்ததும் எடை போடறதுக்கு வால்டர் மாதிரி ஒரு கண்ணு வேணும்டா" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"இன்னா கண்ணு? இடது கண்ணு சுத்தமா பூட்ச்சி. வலதும் பாதிதான். அந்தாண்ட கோல்போஸ்ட்டே அவருக்குத் தெரியாது, தெரியுமா உங்களுக்கு?"

பெட்டி கப்சிப். நான் ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சாயந்திரம் நானும் அவரும் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "கண்ணுல பிரஷராம் மனோகரு. இனிமே போனது போனதுதானாம். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்டா. தெரிஞ்சா ஒக்கார வச்சிடுவானுங்க." என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் கறுப்புக் கண்ணாடி போட்ட பொம்மைக்கு விசில் மாட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். அறுபத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். சொன்னது நான் என்று பெட்டிக்காரர்கள் யாரும் வெளியே விடவில்லை. நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மீட்டிங் முடிந்தது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். கோச்சைப் பற்றிக் கை தூக்கும்போது அவர் ஹாலில் இருக்கக் கூடாது. பின்னாலிருக்கும் பேட்மின்டன் கோர்ட்டில் போய் நிற்பார். எண்ணி முடித்ததும் அவருக்கு ரொம்ப வேண்டியவன் ஒருவன் போய் முடிவைச் சொல்லி அழைத்து வர வேண்டும். வேண்டியவன் வாயால் கேட்டால் அவ்வளவாக வலிக்காது என்று யாரோ ஒரு புண்ணியவான் வைத்தது.

விநாயக்குக்கு நாற்பத்தொன்று. வால்டருக்குப் பதினேழு. எண்ணி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரொம்ப வேண்டியவன் நான்தானே!

கோர்ட்டில் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "மனோகரா? எவ்ளோ?"

சொன்னேன்.

"நீ?"

"நான் தூக்கலண்ணே."

"அது தெரியும்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கை. அதைத்தான் தூக்கியிருந்தேன். படி ஏறும்போது மெதுவாகச் சொன்னார், "கண்ணு விசயத்த காத்தவராயன்தான் ஒளறி வச்சிருக்கான். ஒன்ன உட்டா அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவன்தானே கூட்டிக்கினு போனான்."

காத்தவராயன் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். டீமுக்கு ஜெர்சி துவைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர்தான். எந்தப் பதவியும் கிடையாது.

அவரில்லை, நான்தான் என்று சொல்ல எட்டுப் படி இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

"இன்னா, சோத்த பெசஞ்சிக்கினே கீற?" என்று பவ்யா கேட்டாள். தலைவலி என்றேன். கல்யாணமாகி பதினாறு வருடம். அவள் நம்பவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விநாயக் வந்துவிட்டார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பழைய ஆட்களில் ஒன்பது பேரை அவரவரிடம் நேரில் பேசி டீமிலிருந்து நிறுத்தினார். புதிதாக ஏழு பேர். பேத்தமங்களாவிலிருந்து ஒரு பார்வர்டு, குதிரை மாதிரி ஓடுகிறான். கோல்கீப்பர் மறுபடி ரூபேஷ். வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். "உன்னாலதாண்ணா" என்றான். ஆமாம், என்னால்தான்.

ஜெர்சி மூட்டை கிளப் ரூமில் துவைக்காமல் நாறிக்கொண்டு கிடக்கிறது. வால்டர் அண்ணன் நடு மார்க்கெட்டில் காத்தவராயனைக் கண்டபடி திட்டிவிட்டாராம். அதிலிருந்து காத்தவராயன் அண்ணன் கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்டேஷன் வாசலில் காத்தவராயன் அண்ணன் ஆட்டோவை ஓரங்கட்டி எனக்காகக் காத்திருந்தார்.

"மனோகரு, நீ அவரோட நெருக்கம். ஒரு வார்த்த சொல்லுப்பா. எங்கம்மா சத்தியமா நான் சொல்லல. எம் பொண்டாட்டிக்கே தெரியாது. எங்கிட்ட பேசலன்னா பரவால்ல, துரோகின்ட்டாருப்பா."

ஐம்பத்தைந்து வயது மனுஷன். காக்கிச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேக்கறேண்ணே" என்றேன்.

கேட்கிறேனாம்! தூ. இதைவிட அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு - பூஜ்யம். ஜெயித்தோம். ரூபேஷ் கிராஸ் பந்துக்கெல்லாம் பாய்ந்து வந்து குத்தித் தள்ளினான். பெட்டிக்காரர்கள் என் முதுகைத் தட்டித் தட்டியே சிவக்க வைத்துவிட்டார்கள். விநாயக்கைக் கொண்டுவந்தது நான்தானாம்.

மத்தியானம் சாப்பிடும்போது, விநாயக் இரண்டு வாரத்தில் உன்னை எப்படி மாற்றினார் என்று ரூபேஷிடம் கேட்டேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு இல்லண்ணா. வால்டர் அண்ணன்தான். ஒக்கார வச்சாரே, அப்ப தெனம் காலைல அஞ்சரைக்கு என்னைத் தனியா கூப்பிட்டு கிராஸ் போட்டாரு. நூறு, நூத்தம்பது. பயம் தெளிஞ்சதும் எறக்கறேன்னாரு. ஒங்கிட்ட சொன்னா நீ போயி சண்ட போடுவேன்னு சொல்லல."

"கண்ணு தெரியாதவரு எப்படிடா போட்டாரு?"

"காலுக்குத் தெரியும்டான்னாரு."

எழுந்து போய்க் கை கழுவினேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! எவன் வாழவேண்டும் என்று அவரைக் கவிழ்த்தேனோ, அவனுக்காகத்தான் அவர் விடியலில் ஓடியிருக்கிறார்.

ஜூலை 9, புதன்

லீவு போட்டேன். வால்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சட்டைப் பட்டனைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் காபி வரும், காபி குடித்தால் சொல்ல முடியாது.

"கண்ணு விசயத்த ரயில்ல சொன்னது நான்தாண்ணே. காத்தவராயன் அண்ணன் இல்ல. மீட்டிங்ல கையும் தூக்குனேன்."

பட்டனில் இருந்த விரல் அப்படியே நின்றது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது.

"ஏன்டா?"

"ரூபேஷுக்காக."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. "அந்த காத்தவராயன நான் இன்னான்னு பேசுனேன்னு தெரியுமா ஒனக்கு? அவன் பொண்டாட்டிய பக்கத்துல வச்சிக்கினு பேசுனேன்டா. எதிர்த்து ஒரு வார்த்த பேசல அவன்." பட்டனை விட்டுவிட்டு, "எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. அவனையும் நிக்க வச்சிக்கினு சொல்லு. எம் பக்கம் வராத" என்றார்.

ஜூலை 10, வியாழன்

காத்தவராயன் அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, வண்டி கிளம்பக் கால் மணி இருக்கும்போது பெட்டிக்குள் ஏற்றினேன். எல்லோரும் இருந்தார்கள். நின்றுகொண்டு சொன்னேன். வால்டர் அண்ணன் என்னை நம்பிச் சொன்னது, நான் அதை எடுத்து வீசியது, பழியை இவர் தலையில் விழவிட்டது, பேட்மின்டன் கோர்ட்டில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை.

காத்தவராயன் அண்ணன் என்னையே பார்த்தார். "நான் ஒங்கிட்டயே வந்து கெஞ்சினேனேடா" என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

சின்னசாமி அண்ணன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். பவன் போனில் எதையோ தேடினான். பெங்களூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மேட்சுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பவ்யா விடவில்லை. "செஞ்சது நீ. மூஞ்சிய எங்க கொண்டு போயி வச்சிக்குவ? போ."

ஜெர்சிகள் பளிச்சென்று இருந்தன. வால்டர் அண்ணனும் காத்தவராயன் அண்ணனும் கேலரியில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். காத்தவராயன் அண்ணன் வாய் ஓயாமல் ஆட்டத்தைச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். நான் வந்தது இருவருக்கும் தெரியும்.

எழுபதாவது நிமிஷம், அந்தாண்ட கோல் பக்கம் எங்களுக்கு எதிராகக் கார்னர். ஒருவன் கிராஸ் தூக்கிப் போட்டான். கிரவுண்டு முழுக்க ஒரே கத்தல். வால்டர் அண்ணன் காத்தவராயன் அண்ணன் கையைப் பிடித்து உலுக்கினார். "இன்னா ஆச்சு? கோலா? சொல்றா!"

காத்தவராயன் அண்ணன் சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லு என்பது போலத் தாடையை அசைத்தார்.

"புடிச்சிட்டாண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், "ரூபேஷ் புடிச்சிட்டான். வலது பக்கம் பாய்ஞ்சி, ரெண்டு கையால."

என் குரல் அவருக்குத் தெரியாதா? அவர் முதுகு விறைத்தது. திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"முன்னால வந்தானா?"

"வந்தாண்ணே."