வண்டிக்குள் கேட்ட இருமல்

என் சண்டைக்காரத் தம்பிக்கு,

நீ என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கிருந்து போய் ஒரு வருஷமாகப் போகிறது. நாம் இருவரும் டாக்டராக இருந்து நடத்திய தென்காசி ஆஸ்பத்திரியை இப்போது நான் ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஒரே எரிச்சல். யாரிடம் போய்க் கத்துவது? நீதான் கிடைத்தாய்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அங்கே சீசனுக்கு வீடு பிடித்துத் தங்கியிருக்கும் ஒரு தாய், இரண்டு மாதம்கூட நிறையாத பெண் குழந்தையோடு காலையில் ஓடிவந்தாள். குழந்தையின் உதடு நீலம். மூச்சு நின்று நின்று வருகிறது. இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பறவை நிழல் பட்ட தோஷம் என்று யாரோ சொல்ல, நேற்று முழுக்கக் கதவை அடைத்து வைத்திருந்தார்களாம்!

“வீட்ல யாருக்காவது இருமல் உண்டா?” என்று கேட்டேன்.

“யாருக்கும் இல்ல, டாக்டரம்மா.”

திரும்பவும் கேட்டேன். அதே பதில். நானும் நம்பி, இது வலிப்பு, இசிவுதான் என்று மருந்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் நின்ற குதிரைவண்டிக்குள் கேட்டது: விடாத இருமல், கடைசியில் கூவிக்கொண்டு இழுக்கும் மூச்சு. படுதாவை விலக்கினால், மூத்த மகளின் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்தக் குழந்தைகளின் அப்பா. சுத்தமான கக்குவான் இருமல்.

கத்திவிட்டேன். அந்தத் தாய் அழுதாள்.

“கக்குவான்னு தெரிஞ்சா வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரு வெளிய போவச் சொல்லிருவாரு, டாக்டரம்மா. காத்து மாறுனா சரியாயிரும்னுதான் இங்கன கூட்டியாந்தோம். சின்னவ இருமவே இல்லையே, அவளுக்கு எப்படி?”

இதே கேள்வியை நீயும் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? உன் மகன் வேலு வீடு முழுக்க இருமிக்கொண்டு திரிந்தான். கைக்குழந்தை பொன்னு தொட்டிலில் நீலம் பாய்ந்து கிடந்தாள். “இது கக்குவாந்தாம்லே” என்றேன். “ஒரு தடவகூட இருமலையே அக்கா, கூவாம என்ன கக்குவான்?” என்று மல்லுக்கு நின்றாய். அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் இசிவு என்றே சாதித்தாய்.

அவ்வளவு சின்ன உயிருக்கு இருமப் பலம் ஏது, சொல்லு? அது மூச்சை நிறுத்திவிடுகிறது. பொன்னு இருமவில்லை என்றாயே, நிஜம்தான் தம்பி. இவளும் இருமவில்லை.

பகலில் இரண்டு தடவை இவளுக்கு மூச்சு நின்றது. துணி சுற்றிய விரலால் தொண்டைச் சளியை எடுத்து, உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி வரவழைத்தேன். இப்போது சங்கில் கொஞ்சம் பால் இறங்கியிருக்கிறது. பிழைப்பாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அவர்கள் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார். பின்கட்டில் உன் அறையைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இனி யார் சொல்லும் பதிலையும் நம்பமாட்டேன். வண்டிப் படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையிடம் வருவேன். நீயே பிள்ளையோடு வந்து நின்றாலும் அப்படித்தான்.

இப்படிக்கு,
பொன்னுவின் அத்தை