வாசலில் தகர மேளம்

அக்டோபர் 2, 1871, திங்கள்
என் புருஷன் ஜேபஸ் மதுக்கடைக்குப் போய்விட்டான். இருட்டும்வரை நான் மனுஷி. கோழிக்கொட்டகைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வியாழன் மாலை அவன் குடிக்கிற நேரத்தில் பென்ஃபோல்டின் சரக்கு வண்டி லூயிஸ் ஊருக்குப் போகும். ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அங்கே அக்கா இருக்கிறாள். துணி மூட்டை இங்கேதான், வைக்கோலுக்கு அடியில்.

அக்டோபர் 3
பக்கத்து வீட்டுக் கெசையா பித்தளைச் சட்டியை இரவல் வாங்கிப் போனாள். "ப்ளம் ஜாம் கிண்டணும்டி." வீங்கிய என் கண்ணையே பார்த்தாள். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஊருக்கும் கண்ணு இருக்கு."

அக்டோபர் 4
ஜாமாம், ஜாம்!

அவன் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் ஊரே நிற்கிறது. தகரம், கொம்பு, கெட்டில் மூடி. அவனைப் போலவே ஒரு வைக்கோல் பொம்மை. "பொண்டாட்டிய அடிக்கிற சூரா, வெளிய வாடா!" பெண்டாட்டியை அடிப்பவன் வாசலில் மூன்று மாலை இப்படித் தகரம் அடித்து மானத்தை வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். அத்தனை இரைச்சலிலும் என் சட்டியின் சத்தம் எனக்குத் தெரிந்தது. ஐயோ, போய்த் தொலையுங்களேன் என்று கத்தினேன். யார் காதில் விழும்?

கை வலிக்க அடித்துவிட்டு எல்லோரும் பீர் குடிக்கப் போனார்கள். அவன் கதவைச் சாத்தினான். "ஊரைக் கூட்டினது நீதானேடி?"

அக்டோபர் 5
மறுபடியும் வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் பென்ஃபோல்டின் வண்டி நின்றது. அவரும் இறங்கி, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஆசை தீர அடித்தார். பிறகு வண்டி போய்விட்டது. கதவில் முதுகைச் சாய்த்து ஜேபஸ் உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 6
மூன்றாம் மாலை. பொம்மையை எரித்தார்கள். இடது கையால் எழுதுகிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு
தேவாலயத்தில் பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். என்ன ஒரு புன்னகை! என் கட்டுப் போட்ட கையைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. கெசையா சட்டியைத் திருப்பித் தந்தாள். அடியில் பெரிய நசுங்கல்.

"கடைக்காரரு அவன உள்ள விடமாட்டேன்னுட்டாரு, தெரியுமா? இனிமே சாயங்காலம் பூரா வீட்டுலதான் கிடப்பான். எல்லாம் எங்களாலதாண்டி!"

நன்றி சொன்னேன்.

அக்டோபர் 12, வியாழன்
கோழியை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பென்ஃபோல்டின் வண்டி இப்போதுதான் தாண்டிப் போனது. மூட்டையைப் பிரித்து, பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டேன். கூப்பிடுகிறான்.