காலியாக நின்ற மூன்றாவது கட்டம்

மேடம்,

பீரோவை நகர்த்தும்போது அதன் பின்னாலிருந்து நீங்கள் கட்டம் போட்டுக் கொடுத்த நோட்டு விழுந்தது. அட்டையில் பூனை ஸ்டிக்கர். அண்ணனூரிலிருந்து பட்டாபிராமுக்கு வீடு மாற்றுகிறோம். ஏழு லாரி சாமான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்; உண்மையில் ஒரு குட்டி யானை வண்டிதான். என் வாய் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் காலமாகி வருஷம் திரும்பப்போகிறது. இன்றைக்காவது அளந்து பேசுகிறேன்.

என் அக்கா மகளுக்கு அப்போது பத்து வயசு. யாரும் பேசாதபோது ஒரு குரல் அவளுக்குக் கேட்டது. போகிற ரயிலின் பெட்டிகளை எண்ணாவிட்டால் அம்மா வேலையிலிருந்து திரும்ப மாட்டாள் என்றது. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி பிடித்து வருபவரை நினைத்து அதற்கு 'கார்டு' என்று அவளே பெயர் வைத்தாள். பூந்தமல்லியில், குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் உங்கள் அறையில், குழந்தைகள் நாற்காலியில் என் மாபெரும் திருமேனியைச் செருகிக்கொண்டு நானும் இருந்தேன். "குரல் கேக்குறது நிஜம்தான்மா. அது சொல்றது நடக்குதான்னு பாக்கலாமா?" என்று அவளிடம் கேட்டீர்கள். நோட்டில் மூன்று கட்டம் போட்டீர்கள்: கார்டு சொன்னது, நடந்தது, வேற என்ன காரணம் இருக்கலாம்.

பிறகு அந்தச் சோதனை. ஒரே ஒரு சாயங்காலம் எண்ணாமல் இருந்து பார்ப்பது. வாரக்கணக்கில் தயார்படுத்தி, "நாளைக்குப் பாக்குறேன்" என்று அவளே சொல்லும்வரை காத்திருந்தீர்கள். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பக்கத்துல சும்மா இருங்க சார். அது போதும்."

சும்மா இருப்பதா? ஆவடி முதல் அம்பத்தூர் வரை புளுகுக்கு ஏகச் சக்கரவர்த்தியாயிற்றே நான். அன்று பார்த்து அக்கா பத்து நிமிஷம் தாமதம். பிள்ளை தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னலின் கம்பியைப் பிடித்து, கண்ணை மூடி, எண்ணாமல் நின்றாள். சிரிக்கவைத்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

"உங்கம்மா வந்த ரயிலு தண்டவாளத்த உட்டு எகிறிச்சு கண்ணு. நேரா நிலாவுக்குப் போய்க்கினு கீது. திரும்பி வர அம்பது வருசம் ஆவும்."

அவள் சிரிக்கவில்லை. எப்போதோ போய்விட்ட ரயிலின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. சற்று நேரத்தில் அக்கா கேட்டைத் திறந்தாள், கையில் கறிவேப்பிலையோடு.

"மேடத்தாண்ட நான் சொன்னத சொல்லாத, இன்னா?" என்று குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் எழுதியிருந்த நோட்டைப் பிரித்தீர்கள். 'எண்ணல. அம்மா வரல. எண்ணினேன். அம்மா வந்தாங்க.' வெகுநேரம் பார்த்துவிட்டு அக்காவிடம், "தப்பு என்னோடதுதாம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றீர்கள். நான் உங்கள் மேஜையிலிருந்த கலர் பென்சில்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊரையே விற்கும் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. மூன்றாவது கட்டம் காலியாகவே நின்றது. நீங்கள் முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். அவள் மறுபடி எண்ணாமல் நிற்க ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது காலேஜ் போகிறாள். கார்டு எப்போதாவது வருவானாம். "அவன் பாட்டுக்குப் பேசட்டும் மாமா, நான் பஸ்ஸப் புடிக்கணும்" என்கிறாள். நேற்று நோட்டை அவளிடம் நீட்டி, அன்றைக்கு நான் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதா? நான்தான அங்க நின்னேன். நீ மேடத்தாண்ட சொன்னியா?"

நான் அட்டையிலிருந்த பூனை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினேன்.

"நீயே சொல்லுவன்னுதான் நானும் சொல்லல" என்றாள். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றப் போய்விட்டாள்.

மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: 'மாமா பொய் சொன்னான். குழந்தை பயந்துட்டா.' இவ்வளவு சின்னதாக நான் எதையுமே சொன்னதில்லை. நோட்டை வண்டியில் ஏற்றவில்லை. என் பையில்தான் இருக்கிறது.

அவசரப்பட்டது நீங்கள் இல்லை, மேடம்.