ஸ்டெல்லா கழற்றிய செயின்

ஞாயிறு இரவு, பொம்மனஹள்ளி

இன்று சபையில் என் ஓரகத்தி ஸ்டெல்லா சாட்சி சொன்னாள். "இந்தச் செயின்தான் எனக்கு விக்கிரகமா இருந்துச்சு, பாஸ்டர்" என்று கழுத்திலிருந்து கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள். அஞ்சு பவுன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லி அழுதார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கழற்றிப் போட என்னிடம் என்ன இருக்கிறது? கவரிங்கைப் போட்டால் யார் அழுவார்கள்?

வரும்போது ஆட்டோவில் இவர், "அண்ணிக்கு எவ்ளோ பெரிய மனசு, பாத்தியா?" என்றார்.

"இருந்துச்சு, போட்டாங்க" என்றேன்.

இப்போது ஜெபிக்கத் தொடங்கினேன். கண்ணை மூடினால் அந்தச் செயின்தான் மின்னுகிறது. அவள் அதை விட்டுத் திரும்பிவிட்டாள். நான் அதன் முன்னால் முழங்காலில் நிற்கிறேன்.