கவுன்சில் நிலத்தில் அக்கா

2013 ஜனவரி 5, சனி

ஜனவரிக் கோடை, விடியவே வெக்கை. குசினியில் அடுப்பு மூட்ட முதலே முதுகு நனைந்துவிட்டது. இன்றைக்குச் செய்ய வேண்டியவை: உளுந்து ஊறப்போடுதல், மரக்கறிக்காரருக்குப் போன், கறிவேப்பிலை, இவரோடு சண்டை. கடைசியில் எழுதியதை முதலில் முடித்தாயிற்று.

சண்டைக்குக் காரணம் மேசை. நாலு மேசை, பதினாறு கதிரை, இரண்டு பெரிய குடை. கடை வாசலில் லொறி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. போன மாதம் தம்பியைப் பார்க்கத் துபாய்க்குப் போய் வந்ததில் இருந்து இவருக்கு இந்தப் பைத்தியம். அங்கே சனம் வெளியில் இருந்துதான் சாப்பிடுகிறதாம். தண்ணீர் தூவுகிற காற்றாடியாம். பேரீச்ச மரத்தில் விளக்காம்.

"பாலைவனத்திலையே வெளியிலை இருந்து சாப்பிடுகினம். எங்கடை பெண்டில் ஹில்லிலை ஏலாதோ?"

"அங்கை மரத்திலை விளக்கு. இஞ்சை எங்களுக்கு என்ன கிடக்கு? பஸ் புகை. உங்களுக்கு விசரோ?"

"நீர் ஒண்டும் யோசியாதையும். பெர்மிட் எல்லாம் எடுத்தாச்சு."

என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் எடுத்திருக்கிறார். நான் சமைப்பது, இவர் முன்னுக்கு நின்று சிரிப்பது, இதுதான் எங்கள் கடையின் வேலைப் பங்கீடு. சிரிக்கிற ஆளுக்கு யோசிக்க நேரம் கூடிப்போய்விட்டது.

மத்தியானம் நகரசபைக் கவுன்சில்காரர் அளவு நாடாவோடு வந்தார். நடைபாதையில் வெள்ளைக் கோடு போட்டார். கோட்டுக்கு அங்கால் ஒரு கதிரைக் கால்கூடப் போகக்கூடாதாம். நிலம் கவுன்சிலுடையது, எங்களுக்கு வாடகைக்கு மட்டும். இவர் சூடாய் இரண்டு வடை நீட்டினார். வேண்டாம் என்று போய்விட்டார். வடையை வேண்டாம் என்கிற மனிதரும் இருக்கிறார்.

ஜனவரி 6, ஞாயிறு

வெளியில் ஈ இல்லை. உண்மையாக ஈகூட இல்லை, அதுவும் ஏசிக்காக உள்ளே வந்துவிட்டது. உள்ளே பன்னிரண்டு கதிரைக்கு முப்பது பேர் வரிசை. இவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "வாங்கோ, வெளியிலை காத்தாட இருக்கலாம்."

கேட்ட பதில்கள்:

"இல்லையண்ணை, உள்ளுக்கு இடம் வரட்டும். நிக்கிறம்."

"றோட்டிலை போறவன் எல்லாம் சாப்பாட்டுக் கோப்பையைப் பாப்பான். கண் படும்."

"ஆராவது கண்டா மனிசி சமைக்கிறேல்லையோ எண்டு கேப்பினம்."

ஒரு அங்கிள் கொத்து ரொட்டியைப் பார்சலாக வாங்கினார். நேரே வாசலில் நிற்கிற தன் காருக்குள் ஏறினார். கண்ணாடியை ஏற்றினார், ஏசி போட்டார், மடியில் விரித்துச் சாப்பிட்டார். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம், அதுவும் அப்படியே. ஆறு கார், ஆறிலும் சனம் மெல்லுகிறது. நடுவில் எங்கள் வெறும் மேசைகள். கொத்துப் போடுகிற ஜெயம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, குடையைக் கார்களுக்கு மேலை பிடிச்சா பிசினஸ் ஓடும்."

பூசை முடிந்து மேரி அன்ரி வந்தார். மன்னார்க்காரி, தங்கமான மனிசி, வாய் மட்டும் சும்மா இராது. இடியப்பம் கட்டுகையில் மெல்லச் சொன்னார்: "உன்ரை கொக்கா மெல்பேணுக்குப் போறா. தெரியும்தானே?"

தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். அக்காவின் மகள் அங்கே யூனிவர்சிற்றியில் ஒரு வருடமாகத் தனிய நூடில்ஸ் சாப்பிட்டது போதுமாம். அக்காவும் அத்தானும் பக்கத்து ஊர்க் கிரவீன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறார்களாம். வருகிற 19, சனி.

சொந்தத் தமக்கை ஊரைவிட்டுப் போகிற செய்தி எனக்கு இடியப்பப் பார்சலோடு வருகிறது. இரண்டாவது சம்பல் போட மறந்துபோனேன்.

இரவு, அதே நாள்

நித்திரை வரவில்லை. எழுதி வைக்கிறேன், ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

மகள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டுக்கு அக்கா சாப்பாட்டை வேறு கடைக்குக் கொடுத்தார். தங்கச்சி ஒருத்தி கடை வைத்திருக்க! நானும் போனேன். சீலை உடுத்து, சங்கிலி போட்டு, பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து, பந்தியில் இராமல், ஒரு ரோல்ஸ்கூடத் தொடாமல், கை நனைக்காமல் வந்துவிட்டேன். மண்டபமே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். மறுநாள் போனில் அக்கா: "என்ரை பிள்ளையின்ரை நல்ல நாளிலை கை நனைக்காமல் போன உன்ரை கடை வாசப்படியை இந்தச் சென்மத்திலை மிதிக்கமாட்டன்."

மிதிக்கவில்லை. ஆறு வருடம். அக்கா சொன்னால் சொன்னதுதான், அவ்வளவு பிடிவாதம். நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே, போன் எடுக்கவில்லை. கிரவீனில் இருந்து இங்கே காரில் வர ரேடியோவில் ஒரு பாட்டுக்கூட முடியாது.

இனி என் கையால் ஒரு பிடி சோறு தின்னாமலே போய்விடுவார்.

ஜனவரி 11, வெள்ளி

காற்றாடி வந்துவிட்டது. துபாய்க் காற்றாடி. ஆள் உயரம், பின்னால் தண்ணீர்க் குழாய்.

கோயிலில் இருந்து ஒரு குடும்பம். உள்ளே இடமில்லை, பிள்ளைகள் வெளியில்தான் இருப்போம் என்று அடம். இவர் முகம் பூத்தது. நெய்த்தோசை, வடை, அப்பளம் எல்லாம் மேசைக்குப் போனபிறகு சுவிச்சைப் போட்டார். புசுபுசு என்று தூவியது. தகப்பனின் நெற்றித் திருநீறு கரைந்து மூக்கால் வழிந்தது. தாயின் குங்குமம் கன்னத்தில். அப்பளம் துணியாய் மடிந்தது. சின்னவன் கத்துகிறான்: "மம், இட்ஸ் ரெயினிங் ஒன் மை தோசை!"

தாய்: "கத்தாதை, சனம் பாக்குது. கெதியாய் விழுங்கு."

பிறகு ஒரு வெள்ளைக்காரச் சோடி, நாயோடு. அவர்கள்தான் குடைக்குக் கீழே ராசா ராணி மாதிரி இருந்து இரண்டு மணித்தியாலம் சாப்பிட்டார்கள். காற்றாடிக்கும் நன்றி சொன்னார்கள். இவருக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் உள்ளே இருந்த அன்ரி ஒருவர் என்னிடம் இரகசியமாய்: "பாவம், வெள்ளையளை உள்ளுக்கு விடுறேல்லையோ?"

ஜனவரி 12, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

அத்தான் ஒவ்வொரு சனியும் வருவார். சபதம் போட்டது அக்காதான், அத்தான் அல்ல. கார் கழுவப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, பின்பக்க மூலை மேசையில் சுவரைப் பார்த்து இருந்து, நண்டுக் குழம்பும் புட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார். கார் எப்போதும் தூசியாகவே இருக்கும். நான் அக்காவைப் பற்றிக் கேட்பதில்லை. "அவவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு" என்று அவராகவே சுவருக்குச் சொல்லுவார். நான் சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்பேன். மெல்பேண் போவதை மட்டும் சுவருக்குக்கூடச் சொல்லவில்லை.

இன்று மூலை மேசையில் வேறு ஆட்கள். இந்த விசர் மனிதர் என்ன செய்தார்? கையைப் பிடித்துக் கொண்டுபோய் அத்தானை வெளியில் இருத்திவிட்டார்! ஸ்ரேசன் றோட்டைப் பார்த்தபடி! குடைக்குக் கீழே!

அத்தான் நண்டுக் காலை வாயில் வைத்திருக்கிறார். மேரி அன்ரியின் கார் வந்து சிக்னலில் நிற்கிறது. பக்கத்து சீற்றில் அக்கா. சாமான் கட்டப் பெட்டி வாங்கப் போனார்களாம்.

கண்ணாடி இறங்கவில்லை. மேரி அன்ரி மட்டும் மாதாவைக் கும்பிட்டார். பச்சை விழுந்தது, கார் போய்விட்டது. அத்தான் நண்டை வைத்துவிட்டு, "இனி என்ன, முடிச்சிட்டே போறன்" என்று திரும்ப எடுத்தார்.

இவருக்கு விழுந்த பேச்சை இங்கே எழுதவில்லை. தாள் போதாது.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் மூன்று பானை. எல்லோரும் வந்தார்கள். அத்தான் வரவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பார்த்தேன். பொங்கலுக்குள் போடுகிற கஜு தீர்ந்துபோயிற்று.

போன் எடுப்போமா என்று கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். எடுத்தேன். மரக்கறிக்காரருக்கு அடித்துக் கத்தரிக்காய்க்காக ஏசினேன், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

ஜனவரி 18, வெள்ளி

இப்படி ஒரு வெயில் நான் இந்த நாட்டில் கண்டதில்லை. நாற்பதுக்கு மேலே எங்கேயோ. நடைபாதையில் செருப்பு ஒட்டுகிறது. நாயோடு வருகிற வெள்ளைக்காரரே உள்ளே வந்துவிட்டார்கள், நாயை வீட்டில் விட்டு. வெளியில் ஒரு சீவன் இல்லை.

ஒன்றரை மணி போல் இவர் குசினிக்குள் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இஞ்சை வாரும். கொக்கா."

போய்ப் பார்த்தேன். அக்கா நடைபாதையில் நிற்கிறார். நீலச் சீலை, கறுப்புக் கண்ணாடி, கையில் பை. அத்தான் பின்னால், குற்றவாளி மாதிரி. அக்கா என்னைப் பார்க்காமல் இவரைக் கேட்டார்: "உங்கடை வாசப்படி எது?"

"அந்தா மச்சாள், கதவடியிலை, அந்த அலுமினியம்."

"அப்ப இந்த மேசையள்?"

"இது கவுன்சிலின்ரை நிலம் மச்சாள். நாங்கள் வாடகைக்கு."

"அப்ப நான் கவுன்சிலிட்டை வந்திருக்கிறன்" என்று சொல்லிக் கதிரையை இழுத்து இருந்தார். எரிகிற வெயிலில். உள்ளே ஏசிக்குள் இருந்த முழுச் சனமும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, வெக்கை. உள்ளுக்கு வாங்கோவன்." ஆறு வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் சொல்.

"எனக்கு இதிலை நல்லாய்த்தான் கிடக்கு." நெற்றியால் வியர்வை கொட்டுகிறது. இவர் காற்றாடிக்குக் கை நீட்ட, அக்கா: "அந்தப் பேயை நிப்பாட்டுங்கோ!"

வெள்ளிக்கிழமை, அதனால் மரக்கறி. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல். நானே கொண்டுபோனேன். அவசரத்தில் குழம்பு கோட்டுக்கு அங்கால் சிந்தியது. கவுன்சில் மன்னிக்கட்டும்.

அக்கா பிசைந்தார். ஒரு வாய். இரண்டு வாய். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் எதிரில் இருந்து தன் கோப்பையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "இவர் ஆறு வருசமாய்க் கழுவின காரைப் பார்" என்றார் அக்கா. திரும்பச் சோறு கேட்டார். திரும்பக் கத்தரிக்காய் கேட்டார்.

முடிந்தது. கை முழுக்கக் குழம்பு. அக்கா கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கை கழுவுகிற பேசின் உள்ளே. அத்தான் ரிஷுப் பேப்பரை நீட்டினார். ரிஷுவால் துடைக்கிற ஆளா அவர்? இவர் பெரிய புத்திசாலி, ஜக்கில் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். காலை நன்றாய் மிதித்தேன். நின்றுவிட்டார்.

கை காயத் தொடங்கியது. வெயிலில் எவ்வளவு நேரம் காய விடலாம்?

"பேசினுக்கு மட்டும்தான்" என்றார் அக்கா. எழும்பினார். வலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் சீலையைக் கொஞ்சம் உயர்த்தி, அலுமினியத்தைத் தாண்டினார். மிதிக்கவில்லை, தாண்டினார். நான் கண்ணால் பார்த்தேன். உள்ளே நின்ற சனம் விலகி வழி விட்டது, யாரோ ஒருவர் கதிரையில் இருந்து எழும்பியும் நின்றார்.

கை கழுவினவர் திரும்பி வரவில்லை. குசினிக்குள் போய்விட்டார். ஒவ்வொரு மூடியாகத் திறக்கிறார். "முருங்கைக்காயை ஏன் இவ்வளவு நீளமாய் வெட்டுறாய்?" "இந்தச் சட்டியை எறி." பிறகு, பருப்புச் சட்டிக்குள் பார்த்தபடி: "அண்டைக்கு நீ புகை மணக்காமல் சீலையோடை முன்னுக்கு நிக்கோணும் எண்டுதான் சாப்பாட்டை வெளியிலை குடுத்தனான்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். நீ எங்கை கேட்டனீ? அண்டைக்கு அந்தச் சாப்பாடு வாயிலை வைக்கேலாது. நீ சாப்பிடாமல் போனது உனக்கு நல்லது."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அக்கா அழவில்லை, மூக்கைச் சீலையால் துடைத்துவிட்டு வெக்கை என்றார்.

"நாளைக்கு வழிச் சாப்பாடு ஒண்டும் செய்யேல்லை. குசினிச் சாமான் எல்லாம் கட்டியாச்சு. ரெண்டு நேரத்துக்குக் கட்டித் தா."

ஜனவரி 19, சனி

மூன்று மணிக்கு எழும்பினேன். வெயில் போய்விட்டது, குளிர்ந்த காற்று. புட்டு, முட்டைப் பொரியல், கத்தரிக்காய் வதக்கல், கட்டைச் சம்பல். அத்தானுக்குத் தனியாய் நண்டுப் பிரட்டல். பிளாஸ்ரிக் பெட்டியில் கொடுக்க மனம் வரவில்லை. என் நாலடுக்குக் கரியரில் வைத்தேன்.

ஆறு மணிக்கு வந்தார்கள். காருக்குள் தலையணை, சாமிப் படம், கறிவேப்பிலைச் சாடி. அக்கா இறங்கிக் கடைக்குள் வந்தார், அலுமினியத்தில் நன்றாய்க் கால் வைத்து. கரியரைத் தூக்கிப் பார்த்தார். பாரம் சரி.

"கரியர் நல்லது அக்கா. கவனம்."

"தபாலிலை அனுப்பமாட்டன். வேணுமெண்டா வந்து எடு."

ஏறினார். போய்விட்டார்கள்.

ஆறு வருடம் ஒரு பாட்டுத் தூரத்தில் இருந்தபோது போகவில்லை. இனி ஒரு கரியர் எடுக்க ஒன்பது மணித்தியாலம் கார் ஓட வேண்டும். இவரிடம் கேட்டேன், அடுத்த சனி கடையைப் பூட்டலாமோ என்று.