அடுக்கில் மூன்றாவது

3 மார்ச் 2008

பாணேர் கம்பெனியில் புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். இனி யாரும் மாடி மாடியாக ஏறிக் கணக்கெடுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு அதுவே நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு, நீ யார், உன் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளும். அங்கே ஐ.டி. பார்க்கும் ஸ்ரீரஞ்சனி, கோயம்புத்தூர்ப் பெண், திரையைத் திருப்பிக் காட்டினாள். பராமரிப்பு ஒப்பந்தம் என்னுடையது, அதனால் அறிக்கை தினமும் எனக்கும் மெயிலில் வரும்.

மூன்றாம் மாடியில் நான் விற்ற ஸ்விட்ச் – கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி – நான்கு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னால் தடித்த கேபிளால் கோத்தது. அறிக்கையில் ஒன்றுதான் இருக்கிறது.

"நாலு வித்தேன்மா. உன் மிஷினு ஒண்ணுங்குது. மிச்சம் மூணை நானா தின்னுட்டேன்?"

"அடுக்காக் கோத்துட்டா நாலுக்கும் ஒரே பேருங்க சார். தலைவர் மட்டும்தான் வாயத் தொறப்பாரு. உள்ள இருக்கறவங்களத் தனித்தனியாக் கேக்கற மாதிரி அடுத்த வாரம் மாத்திடறேனுங்க."

"உங்க ஆபீஸ் மாதிரியேதான்" என்றேன். சிரித்தாள்.

பாலச்சந்திரன் இருந்தால் ஒரு நிமிஷத்தில் எண்ணியிருப்பார்.

அவர் பேரை எழுதி வருஷமாகிறது. இப்போது ஏன் எழுதினேன்?

6 மார்ச்

தாபோடி கோடவுனில் கேபிள் தேடும்போது கையில் வந்தது – இரும்பு ஸ்கேல், நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய சின்னக் கண்ணாடி. ஸ்விட்சை ரேக்கில் ஏற்றிவிட்டால் எண் ஒட்டியிருக்கும் பின்பக்கம் தெரியாது. இதை நுழைத்து, தலைகீழாகத் தெரிகிற எண்ணைப் படிப்பார் பாலா. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. இதைப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

11 மார்ச்

அறிக்கை வந்தது. ஸ்ரீரஞ்சனி சொன்னபடி மாற்றிவிட்டாள். மூன்றாம் மாடி அடுக்கு, நான்கு வரி. ஒவ்வொன்றின் எண்ணும், எதிரே 'இருக்கிறது' என்றும்.

மூன்றாவது வரியின் கடைசி ஐந்து இலக்கம் 40719.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். 40719.

என் மகளின் கல்யாணத் தேதி எனக்கு மறந்துபோகும். இந்த எண் மறக்காது. 2004 நவம்பரில் கடிதங்களில் இதைப் பத்து தடவையாவது என் கையால் எழுதியிருக்கிறேன், திருட்டுப் போனது என்று.

12 மார்ச்

தெளிவாக எழுதிவிடுகிறேன். மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால் எனக்குச் சாதகமாகத் திரும்பிவிடும்.

பாலா ராணுவத்தில் ஹவில்தார். சிக்னல் பிரிவு. ஓய்வு பெற்றதும் என்னிடம் வந்தார். எட்டு வருஷம். நான் விற்பேன், அவர் மாட்டுவார். மாட்டி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, "ஏக், ஹாஜிர். தோ, ஹாஜிர்" – ஒன்று, இருக்கிறது; இரண்டு, இருக்கிறது – என்று பரேடில் ஆள் எடுப்பதுபோல் எண்ணுவார். எல்லாரும் சிரிப்போம்.

2004 ஆகஸ்டில் தளேகாவ் தொழிற்சாலைக்குப் புது ஸ்விட்ச் ஆறு. எண்களை அட்டைப்பெட்டி மேலிருந்து பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினோம். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். பிரித்து, கவிழ்த்து, பின்பக்கம் பார்த்து எழுத யாருக்கு நேரம்? நவம்பரில் அதில் ஒன்று எரிந்துபோனது. வாரண்டிக்கு அனுப்பினால், இது நீங்கள் சொல்லும் எண் இல்லை, இது பழைய சரக்கு என்று திரும்பி வந்தது. புதியதை எடுத்துக்கொண்டு பழசை வைத்தது யார்? மாட்டியது பாலா. கோடவுன் சாவியும் பாலாவிடம்.

தொழிற்சாலைக்காரர்கள் முன்னால் நான்தான் கேட்டேன். "சாவி உம்மகிட்டதானே வே இருந்துச்சு?"

"அண்ணாச்சி, ராணுவத்துல லாரி லாரியா எண்ணி ஒப்படைச்சவன் நானு. ஒரு திருகாணி கொறைஞ்சதில்ல."

சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் போலீசுக்குப் போகவில்லை. ஏதோ பெரிய மனசு காட்டியதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் உட்கார்ந்து என் மற்ற இருபத்து மூன்று வாடிக்கையாளருக்கும் போன் போட்டேன் – பாலச்சந்திரன் இனி என் ஆள் இல்லை, உள்ளே விடாதீர்கள்.

2006 ஜூலையில் மழையில் பாலத்தில் ஸ்கூட்டர் சறுக்கிச் செத்துப்போனார். நான் துக்கத்துக்குப் போகவில்லை.

13 மார்ச்

காலை ஆறு மணி. 40719. இருக்கிறது.

14 மார்ச்

பாணேர் போய் ரேக்கின் பின்னால் ஸ்கேலை நுழைத்துப் பார்த்தேன். ஸ்ரீரஞ்சனி டார்ச் பிடித்தாள். "மெயில்லயே நம்பர் வருதுங்களே சார், எதுக்குக் கஷ்டப்படறீங்க?" மென்பொருள் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தது. அதே எண்தான். கையால் தொட்டேன். சூடாக இருந்தது. எல்லா ஸ்விட்சும் சூடாகத்தான் இருக்கும்.

16 மார்ச், ஞாயிறு

பரணிலிருந்து 2004 டைரியை இறக்கினேன். ஆகஸ்ட் 12. என் கையெழுத்து.

'பாணேரில் ஒன்று அவுட். அவசரம். தளேகாவ் சரக்கில் ஒன்றை உருவிக் கொடுத்தேன். காலி டப்பாவில் அதே மாடலில் நம் பழையது ஒன்று, துடைத்து. புது லாட் வந்ததும் மாற்ற வேண்டும். பாலாவிடம் சொல்லணும்.'

சொல்லவில்லை. அந்த வாரம் என்ன நடந்தது என்று புரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வியாபாரம், மழை, மனைவி சந்திரிகாவுக்குப் பல் வலி. புது லாட் வந்தது, விற்றேன். மறந்துபோனேன். பழைய பெட்டிகளுக்கு நான் எண் எழுதுவதே இல்லை. ஏலத்தில் எடைக்கு வாங்கினவை.

மறந்தது சரி. நவம்பரில் அவரைக் கேட்டபோது இந்த டைரி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. மூன்று மாசம் பின்னால் புரட்டினால் போதும். ஏன் புரட்டவில்லை?

எழுதிவிடு. தளேகாவ் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். எனக்கும் ஓர் ஆள் வேண்டும். எனக்குள் ஏதோ இடித்தது. இடித்ததால்தான் புரட்டவில்லை.

17 மார்ச்

சந்திரிகாவிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த விசாலம் மார்க்கெட்ல என்னைப் பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிப் போவா. திருடன் பொண்டாட்டிக்கு எம்புட்டுத் திமிருன்னு நெனச்சேன்." பிறகு, "போயிச் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கே" என்றாள்.

இன்றைக்குப் போகவில்லை.

20 மார்ச்

போனேன். தாபோடியில் அதே வீடு. விசாலம் பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள், அப்போதுதான் வந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அறிக்கையின் தாளை நீட்டினேன். அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள்.

"வேலைய உட்டு நின்னதும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஸ்கூட்டர எடுத்துக்குனு போயிடுவாரு. எங்கியோ மாறிப்போய் ஒக்காந்துனு இருக்கு விசாலம், எண்ணிக்கினே வந்தா மாட்டும்பாரு."

தளேகாவ் தவிர, என் இருபத்து மூன்று வாடிக்கையாளர்கள் பேரும் வரிசையாக. பக்கத்தில் எண்கள், டிக், 'ஹாஜிர்'. இருபத்திரண்டு இடத்தில் வாட்ச்மேன்கள் என் பேச்சை மதிக்காமல் அவரை உள்ளே விட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்றுதான் என் பேச்சைக் கேட்டிருக்கிறது.

'பாணேர் – உள்ளே விடவில்லை.'
'பாணேர் – உள்ளே விடவில்லை.'
'16 ஜூலை 2006. பாணேர் – உள்ளே விடவில்லை.'

அதற்குக் கீழே வெள்ளைத் தாள். அன்று மழையில் அவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

சட்டைப்பையில் கவர் வைத்திருந்தேன். கை அங்கே போவதைப் பார்த்துவிட்டாள்.

"அதெல்லாம் வேணாம் அண்ணாச்சி. தளேகாவ் கேட்ல, உள்ள உடக்கூடாதவங்கன்னு அவர் போட்டோவ ஒட்டி வெச்சிருக்காங்களாம். எதிர்வீட்டுக்காரரு அங்க கேன்டீன்ல இருக்காரு, இன்னும் இருக்குதுன்றாரு. செத்தவர் போட்டோவ அங்க எதுக்கு வெக்கணும்? அத எடுத்தாந்து குடுங்க."

24 மார்ச்

தளேகாவ். வாட்ச்மேன் அறைக் கண்ணாடியில் ஐந்து போட்டோ. இரண்டாவது பாலா. என் ஆபீசில் அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோ, நான் கொடுத்தது.

நிர்வாக மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ சொன்னார். "ஜானே தீஜியே, சின்னதுரைஜி. விட்டுவிடுங்கள். ஆள் போய்விட்டார். போட்டோவை எடுத்துத் தருகிறேன். எழுத்தில் மட்டும் ஒன்றும் வேண்டாம். எழுதினால் பழைய சரக்கைக் கொடுத்தது நீங்கள் என்றாகும். அப்புறம் உங்களை வைத்துக்கொள்ள முடியாது" என்று இந்தியில் நயமாகச் சொன்னார்.

நியாயமாகத்தான் பட்டது. அவளுக்குப் போட்டோ, எனக்கு ஒப்பந்தம். யாருக்கு நஷ்டம்? நல்ல பேரம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போட்டோவைச் சுரண்டி எடுத்தார்கள். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரமாக நின்றது. கேட் ரிஜிஸ்டரில், நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் வாட்ச்மேன் மராத்தியில் எழுதினார்: மரணம்.

25 மார்ச்

விசாலம் போட்டோவை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"காரணம்னு என்னா போட்டாங்க?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன்.

"இருபத்தாறு வருசம் பட்டாளத்துக்காரனோட குப்பை கொட்டினவ நானு. ரிஜிஸ்டர்ல காரணம் போடாம ஒரு துரும்பு வெளிய வராது. என்னா போட்டாங்க?"

சொன்னேன்.

"அப்ப திருடன்தான். செத்துப்போன திருடன்." போட்டோவை என் கையில் திருப்பி வைத்தாள். "கொண்டுபோய் ஒட்டிடுங்க அண்ணாச்சி."

27 மார்ச்

சட்டைப்பையில் அவர் போட்டோ இருக்கிறது. கல்லாவில் வைத்தேன், முடியவில்லை. சாமி அலமாரியில் வைக்க எனக்கு என்ன உரிமை? மறுபடி சட்டைப்பை.

இன்று கோடவுனில் ஆட்கள் சரக்கு இறக்கும்போது யாரோ எண்ணினான். ஏக், தோ, தீன். திரும்பிப் பார்த்தேன். புது ஆள், பிகார்க்காரன். கணக்கைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

29 மார்ச்

ஆறு மணி. 40719. இருக்கிறது.

இந்த இயந்திரத்துக்கு நான் யார் என்று தெரியாது, பாலா யார் என்று தெரியாது. கேட்டால் உள்ளதைச் சொல்கிறது. நான்கு வருஷமாக அந்தப் பெட்டி சொல்லத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. கேட்க வந்தவரை நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

31 மார்ச்

2004 டைரியில் ஆகஸ்ட் 12 தாளைக் கிழித்தேன். முப்பது வருஷ டைரியில் ஒரு தாள் கிழித்ததில்லை. கடிதத்தோடு பின் போட்டேன். பெட்டியை மாற்றியது நான், மறைத்தது நான், பாலச்சந்திரன் ஒன்றும் எடுக்கவில்லை. மூன்று வரி. முத்திரை குத்தி, தளேகாவில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன்.

மேலாளர் படித்துவிட்டு, "யே க்யா கர் தியா ஆப்னே?" என்றார். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. இந்த முறை டீ வரவில்லை.

கேட்டுக்கு நானே கூடப் போனேன். வாட்ச்மேன் 'மரணம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார்: திருடவில்லை. தவறாகச் சேர்க்கப்பட்ட பெயர். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

1 ஏப்ரல்

விசாலம் ஜெராக்ஸைப் படித்தாள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள், சத்தமாக. அதன்பிறகுதான் போட்டோவை வாங்கிக்கொண்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன்.

வாசல் வரை வந்தவள், "அந்தக் கண்ணாடி வெச்ச ஸ்கேலு ஒண்ணு இருந்துச்சே" என்றாள்.

"கோடவுன்ல இருக்கு. நாளைக்கே கொண்டாந்து தாறேன்."

"எனக்கு எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க. இனிமே பாத்து எழுதுங்க."

18 ஏப்ரல்

தளேகாவ் ஒப்பந்தம் ரத்து. ஒரு வரிக் கடிதம்.

4 மே

கடைப் பேரைக் கேட்டதும் இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். விஷயம் பரவியிருக்கிறது. நான் அன்று போன் போட்டுப் பரப்பிய வேகத்துக்கு இது ஒன்றுமில்லை.

22 ஜூன், ஞாயிறு

ஞாயிறுதோறும் வாடிக்கையாளர் இடங்களுக்கு எண்ணப் போகிறேன், இன்று ஆறாவது வாரம். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சந்திரிகா கேட்டாள், "அதான் மிஷினு எண்ணுதுல்லா? நீங்க எதுக்குப் போறீக?" எல்லா இடத்திலும் அந்த மென்பொருள் இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் இன்று போனது பாணேருக்கு.

மழை பிடித்துக்கொண்டது. பாலத்தைத் தாண்டும்போது ஆட்டோவை மெதுவாக விடச் சொன்னேன். கேட்டில் வருகையாளர் ரிஜிஸ்டரை நீட்டினார்கள். பெயர் எழுதினேன். வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. எண்ணிப் பார்க்க, என்று எழுதினேன்.

வாட்ச்மேன் படித்தார். என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். தலையாட்டினார்.

உள்ளே விட்டார்கள்.